ஊட்டிப் புல்தரைக்கு அடியில் இருந்த சேறு



தல்லாகுளத்தில் புது வீடு கட்டியிருக்கும் பழைய மாணவர் ஒருவர் கேட்டார்: "சார், வாசலில் ஊட்டி மாதிரி புல்தரை வேண்டும். இப்போது கோரையும் பார்த்தீனியமுமாகக் கிடக்கிறது. மேலே ஒரு லோடு செம்மண் அடித்து விதை தூவிவிடலாமா?" ஊட்டி என்றதால் அங்கிருந்தே சொல்கிறேன்.

பள்ளிச் சுற்றுலாவில் ஊட்டி தாவரவியல் பூங்காவின் சரிவில் நீங்கள் உருண்டதும், காவலாளி விசில் ஊதியதும் நினைவிருக்கும். அந்த இடத்தின் கீழ்ப்பகுதி ஒரு காலத்தில் சதுப்பு நிலம். மேற்பகுதி அடர்ந்த காடு. நடுவே ஆழமான ஓடைப் பள்ளங்கள். 1847இல் ஊட்டியிலிருந்த ஐரோப்பியர்கள் மலிவாகக் காய்கறி கிடைக்க வேண்டுமென்று சந்தா போட்டு ஒரு தோட்டம் தொடங்கினார்கள். அதிலிருந்துதான் பொதுப் பூங்கா யோசனை வளர்ந்தது. 1848இல் லண்டன் கியூ தோட்டத்தில் பயின்ற வில்லியம் கிரகாம் மெக்ஐவர் வந்தார். நீரை வடிக்க வேண்டும், பள்ளத்தைச் சீர்செய்ய வேண்டும், சரிவைப் படிப்படியாக வெட்ட வேண்டும். பூங்கா உருவாகச் சுமார் பத்து ஆண்டுகள் ஆயின. மெக்ஐவர் பெயரைச் சொல்லும் புத்தகங்கள், மண்வெட்டி பிடித்தவர்களின் பெயரைச் சொல்வதில்லை.

நமக்குச் சேறு இல்லை, களைதான். அதற்கும் வரலாறு உண்டு. பார்த்தீனியம் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1950களின் நடுவில் புணேயில் கண்ணில் பட்டது. இறக்குமதிக் கோதுமையோடு வந்தது என்பார்கள். அதைத் தின்னும் மெக்சிகோ வண்டை 1984இல் பெங்களூரில் விட்டும் பார்த்தார்கள். செடி இன்னும் நம் தெருவோரத்தில்தான் நிற்கிறது! ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். ஆகவே பூப்பதற்கு முன் வேரோடு பிடுங்குங்கள். கையுறை கட்டாயம், சிலருக்கு அரிப்பும் மூச்சிரைப்பும் வரும்.

கோரை அப்படியல்ல. தழையைப் பிடுங்கினால் கிழங்கு மண்ணுக்குள்ளேயே இருந்து மறுபடி முளைக்கும். நம் விவசாயிகள் கோடை உழவு செய்வது சும்மா இல்லை. சித்திரை வெயிலில் ஆழமாகக் கொத்திப் புரட்டினால் கிழங்கு காய்ந்து சாகும். கிழங்கைப் பொறுக்கியும் எடுங்கள். பிறகு தண்ணீர் விட்டு, மிச்சக் களையை முளைக்கவிட்டு எடுக்க வேண்டும். இதை இரண்டு முறையாவது செய்த பிறகுதான் விதை. செம்மண் லோடு வேண்டாம் என்றேன். அதோடு வேறு ஊர்க் கோரையும் வரும். மக்காத சாணமும் அப்படித்தான்.

இன்னொன்று. இன்று நீலகிரியில் பரவலாக இருக்கும் கிகுயு புல் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்தது. மதுரை வெயில் அதற்கு ஆகாது. இங்கே தாங்குவது அருகுதான். கடைகளில் பெர்முடா என்று விற்பதும் பெரும்பாலும் அதே இனமே. பிள்ளையாருக்குச் சாத்துகிறோம், வயலில் கண்டால் களை என்கிறோம்! விதை மிகச் சிறியது. மணலோடு கலந்து தூவி, முளைக்கும்வரை ஈரம் காயாமல் பாருங்கள். வாசல் ஓரத்தில் அருகு ஏற்கெனவே படர்ந்திருந்தால் விதையே வேண்டாம். கொடியைக் கணுவோடு துண்டாக்கி ஊன்றினால் போதும்.