ரகரத்துக்கு முன் ஒரு மூச்சு

இங்கிலாந்தின் யார்க்சயர்ப் பகுதியில் வீட்டுக் கொல்லைதோறும் செந்தண்டும் அகன்ற இலையுமாய்ச் செழித்து நிற்கும் ருபார்பைத் தம் மண்ணின் பயிரென்றே அங்குள்ளோர் கொண்டாடுகிறார்கள். பெயரோ தன்னை அயலான் என்றே இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அதன் முற்பாதி ‘ரா’. வோல்கா ஆற்றின் பழம்பெயர் அது. ஆற்றின் பெயரையே தாங்கிய மருந்து வேரொன்று அதன் கரையில் விளைவதாக 4ஆம் நூற்றாண்டு உரோம வரலாற்றாசிரியர் அம்மியானுசு மார்செல்லீனுசு எழுதிவைத்தார். பிற்பாதியான ‘பார்பரம்’, புரியாத மொழி பேசுவோரின் பேச்சு ‘பர் பர்’ எனக் காதில் விழ, அவ்வொலியையே அயலார்க்குப் பெயராக்கிய கிரேக்கரின் குறும்பு. நாடக மேடையில் கூட்டத்தின் இரைச்சலைக் காட்ட ஆங்கில நடிகர்கள் திரும்பத் திரும்ப முணுமுணுக்கும் சொல்லும் ‘ருபார்ப்’தான் என்பதை அறியும்போது, அந்தப் பழைய குறும்பு தன் வீடு திரும்பியதோ என்று தோன்றுகிறது.

பாரசீகத்தில் இவ்வேரின் பெயர் ரேவந்த். சீனத்திலிருந்து வந்தது ரேவந்த் சீனி. நம் நாட்டு மருந்துக் கடையில் பேதி மருந்தாக விற்கும் ரேவல்சின்னி அதன் வழி வந்ததே. சின்னி என்றதும் சிறியது என எண்ணிவிடாதீர்கள். அதற்குள் ஒளிந்திருப்பது சீனம். லகரம் சகரத்தைக் கண்டு றகரமாகி, முன்னே இகரமும் ஏற்று, அகராதியில் அது இரேவற்சின்னியாய் நிற்கிறது. அந்த இகரத்தில்தான் எனக்குச் சுவை. ரகரம் நமக்கு மொழிமுதல் ஆவதில்லை. கிரேக்கத்திலோ சொல்லின் முதலில் வரும் ரகரத்தோடு மூச்சொலி ஒன்று சேர்ந்தே வரவேண்டும். ருபார்பின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒலியாமல் நிற்கும் ‘எச்’ அம்மூச்சின் தடம். அவர்கள் மூச்சைத் தந்தார்கள், நாம் உயிரைத் தந்தோம்.

பல நூற்றாண்டுகள் ருபார்ப் என்ற பெயர் குறித்தது உலர்ந்த மஞ்சள் வேரை. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் சர்க்கரை மலிய, புளிப்புத் தண்டு இனிப்புப் பண்டமாயிற்று. பெயரும் மண்ணுக்கடியிலிருந்து மேலேறியது. தோட்டக்காரர் நடும் கிழங்குக்கு ‘மகுடம்’ என்று பெயர். நட்ட முதலாண்டில் பறிக்கமாட்டார்கள். பிறகும் கத்தி வைக்காமல் தண்டின் அடியைப் பிடித்து முறுக்கி இழுப்பார்கள். இலை நஞ்சு.

மருந்து வேர் தரும் செடியும் தோட்டத்துச் செடியும் ஒரே பேரினத்தவை என்றாலும் வேறுவேறு. ஆங்கிலச் சமையற்குறிப்பைத் தமிழாக்குபவர் அகராதியை நம்பி இரேவற்சின்னி என்று எழுதிவிட்டால், படிப்பவர் பேதி வேரை வாங்கிவந்து விருந்து வைத்துவிடுவார். தண்டு ருபார்பாகவே இருக்கட்டும்.