மின்சாரத்துக்குப் பெயரிட்ட மகாநாடு

வீட்டுச் சுவரில் பொருத்தியுள்ள மின்சார மீட்டரை நாம் மாதம் ஒரு முறையேனும் நோக்குகிறோம். அதன் முகப்பில் வோல்ட், ஆம்பியர் என்னும் இரு சொற்களைக் காண்கிறோம். நாம் குடியிருப்பது கல்கத்தாவாயினும், புனேயாயினும், தில்லியாயினும் இவ்விரு சொற்களும் மாறுவதில்லை. வங்காளியரும் மராட்டியரும் பஞ்சாபியரும் நாமும் இவற்றை மொழிபெயர்க்காமலே வழங்கி வருகிறோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நம்மைப் போன்றவர்களுக்கு இது ஒரு பெரிய ஆறுதல். இச்சொற்கள் உலகப் பொதுவாக ஆனது 1881ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், பாரிஸ் மாநகரில்.

அதற்கு முன்பு இருந்த நிலையைச் சிறிது காண்போம். அந்நாளில் மின்சாரத்தின் முதற்பெரும் பயன் தந்தியே. கடலுக்கடியில் கிடக்கும் தந்திக் கம்பி எங்கோ பழுதுபட்டால், கரையில் இருந்தபடியே அதன் மின்தடையை அளந்து, பழுது எத்தனை மைல் தொலைவில் உள்ளது என்று கணக்கிட வேண்டும். அளவு தவறினால் கப்பல் வேறோர் இடத்தில் சென்று கடலைத் துழாவும். ஆனால் எந்த அலகால் அளப்பது? ஜெர்மானியரான வெர்னர் சீமன்ஸ் 1860இல் ஓர் அலகை வகுத்தார்: ஒரு மீட்டர் நீளமும் ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பும் உடைய பாதரசத் தம்பத்தின் மின்தடை. ஆங்கில விஞ்ஞானிகளோ கோட்பாட்டின் வழி நின்று வேறோர் அலகைக் கணித்து, உலோகக் கம்பிச் சுருளாக அதைச் செய்து வழங்கினர். இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு வேற்றுமை. லண்டனையும் கல்கத்தாவையும் இணைத்த தந்தி வழி 1870இல் திறக்கப்பட்டது. அதில் ஐரோப்பாவிலிருந்து பாரசீகம் வரையிலான பகுதியை அமைத்தவர்கள் சீமன்ஸ் சகோதரர்கள். ஆதலால் இது ஏட்டளவில் நின்ற வழக்கு அன்று. பல தேசங்களின் பணமும் பெருமையும் இதில் அடங்கியிருந்தன.

பிரெஞ்சு சர்க்காரின் தபால் தந்தி மந்திரியான அடால்ப் கோஷெரி இந்த மகாநாட்டையும் இதனோடு ஒரு மின்சாரப் பொருட்காட்சியையும் கூட்ட முற்பட்டபோது, ஜெர்மனியிடம் பிரான்ஸ் போரில் தோற்றுப் பத்தாண்டுகளே ஆகியிருந்தன. பாரிஸ் நகரை முற்றுகையிட்ட நாட்டின் அறிஞர்களை அதே நகருக்கு விருந்தினராக அழைப்பது எளிதான காரியமா? ஆயினும் அழைத்தார்கள், அவர்களும் வந்தார்கள்.

விருந்தோம்பலில் குறை வைக்கவில்லை. ஷான்ஸெலிஸே வீதியிலிருந்த தொழில் மாளிகையில் ஆகஸ்டு முதல் நவம்பர் வரை பொருட்காட்சி நடந்தது. கான்கார்டு சதுக்கத்திலிருந்து மாளிகை வரை சீமன்ஸ் நிறுவனத்தின் மின்சார டிராம் வண்டி ஓடியது. உள்ளே எடிசனின் விளக்குகளும், இங்கிலாந்தின் ஸ்வான் செய்த விளக்குகளும் ஒன்றோடொன்று போட்டியிட்டு எரிந்தன. எனினும் மக்கள் கூட்டம் கூட்டமாக நின்று காத்திருந்தது விளக்குகளுக்காக மட்டுமன்று. கிளெமான் அடேர் என்னும் பொறியியலாளர், இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகத் தொலைவிலிருந்த ஆபெரா அரங்கின் மேடை விளிம்பில் ஒலிவாங்கிகளை வரிசையாக வைத்து, பாதாளச் சாக்கடைகளின் வழியே கம்பிகளைக் கொணர்ந்து, மாளிகையின் அறைகளில் தொலைபேசிக் கருவிகளைத் தொங்கவிட்டிருந்தார். மாலைதோறும் வருவோர் இரு காதுகளிலும் இரு கருவிகளை வைத்துக்கொண்டு, அரங்கில் அதே கணத்தில் நிகழும் இசை நாடகத்தைச் சில நிமிடங்கள் கேட்டு மகிழ்ந்தனர். இடச்செவிக்கு ஓர் ஒலிவாங்கியும் வலச்செவிக்கு வேறோர் ஒலிவாங்கியுமாக இணைத்திருந்தமையால், பாடகர் மேடையில் இடமிருந்து வலமாக நடப்பதுகூடச் செவிக்குப் புலனாயிற்றாம். வானொலி பிறப்பதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே, தொலைவிலுள்ள கச்சேரியை இருந்த இடத்திலிருந்து கேட்கும் சுகத்தை அம்மக்கள் அனுபவித்துவிட்டார்கள். சென்னைக் கச்சேரிக்காக வடக்கே இரவில் வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பிக்கொண்டிருந்த தலைமுறையினருக்கு அந்த மகிழ்ச்சியை விளக்க வேண்டுவதில்லை.

மகாநாடு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கியது. பல நாடுகளிலிருந்தும் 200க்கும் மேற்பட்ட பிரதிநிதிகள் வந்திருந்தனர். அலகுகளை ஆராயும் குழுவிலோ விரைவிலேயே முட்டுக்கட்டை விழுந்தது. ஆங்கிலேயர் தம் அலகை விடவில்லை. ஜெர்மானியர் பாதரசத்தை விடவில்லை. கூட்டத்தை ஒத்திவைத்தார்கள். குழுவின் செயலாளராயிருந்த மஸ்கார் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி, பின்னர் நடந்ததைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். பாரிஸ் நகர ஹோட்டல் ஒன்றில், வில்லியம் தாம்சன் தங்கியிருந்த அறையில், ஹெல்ம்ஹோல்ட்ஸ், கிர்காப், கிளாசியஸ், சீமன்ஸ் முதலியோர் கூடியிருந்தனர். பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று பெயர் பெற்றவரே இந்தத் தாம்சன். குறிப்பெடுப்போர் இல்லை, கேட்டுக் கைதட்டுவோரும் இல்லை. அங்கேதான் வழி பிறந்தது. ஆங்கிலேயரின் கோட்பாடே அடிப்படையாக நிற்கும். ஆனால் அந்த அலகைக் கையால் தொட்டுக் காட்டும் உருவம் சீமன்ஸின் பாதரசத் தம்பமாக இருக்கும். தம்பத்தின் நீளத்தை மட்டும் பின்னர் அளந்து முடிவு செய்துகொள்ளலாம்.

எஞ்சிய பெயர்கள் இதைவிட இனிமையான இடத்தில் அமைந்தன. ஒரு சிற்றுண்டிச்சாலையில் தாம்சனும் அவர் மனைவியாரும் ஹெல்ம்ஹோல்ட்ஸும் மஸ்காரும் சாக்லேட் பானம் அருந்தியபடியே ஆம்பியர், கூலூம், ஃபாரட் என்னும் பெயர்களுக்கு இசைந்தனர் என்பது மஸ்காரின் கூற்று. வெளிமாநிலங்களில் நம்மவர் நடத்தும் சங்கக் கூட்டங்களிலும், தீர்மானங்கள் மேடையேறுவதற்கு முன் காபி வேளையிலேயே முடிவாகிவிடுவதைக் கண்டிருக்கிறோம். மேடையில் கூறிய சொல் நடவடிக்கைக் குறிப்பில் ஏறிவிடும். ஏறியபின் அதிலிருந்து இறங்கி வருவது கற்றோருக்கும் கடினம். கோப்பையைக் கையில் ஏந்தியவருக்கு அந்தச் சங்கடம் இல்லை.

பெயர்ப் பட்டியலை நோக்கினால் அதன் நயம் விளங்கும். ஓம் ஜெர்மானியர், வோல்டா இத்தாலியர், ஃபாரடே ஆங்கிலேயர், ஆம்பியர், கூலூம் இருவரும் பிரெஞ்சுக்காரர். ஐந்தில் இரண்டு விருந்தளித்தவர்களுக்கு! இதில் இழந்தவர் ஒருவர் உண்டு. அதுவரை மின்னோட்டத்தின் அலகை ஆங்கிலேயர் பலர் வெபர் என்று ஒரு ஜெர்மானிய அறிஞரின் பெயரால் வழங்கிவந்தனர். அப்பெயரே ஆம்பியருக்கு இடம் விட்டது. அவ்வறிஞர் அப்போது உயிரோடிருந்தார். காந்தப் பாய அலகுக்கு அவர் பெயர் சூட்டப்பெற்றது 1930களில். அவர் காலமானதோ 1891இல்.

பாதரசத் தம்பத்தின் நீளம் 106 சென்டிமீட்டர் என்று 1884இல் பாரிஸிலேயே முடிவாயிற்று. 1893இல் சிகாகோவில் கூடிய மகாநாடு அதை 106.3 என்று திருத்தியது. தாம் வகுத்த அலகு விலக்கப்பட்டதில் தமக்கு வருத்தம் உண்டு என்பதை சீமன்ஸ் தம் நினைவு நூலில் மறைக்கவில்லை. மின்தடையின் தலைகீழான மின்கடத்து திறனின் அலகுக்கு 1971இல் அவர் பெயரை இட்டார்கள்.