பேச்சு தாமதித்தால் சிந்தனையும் தாமதிக்கிறதா? எம்.எஸ். நோயும் ஒரு கேள்வியும்

சென்ற வருடம் அக்காவுடன் வங்கிக்குப் போயிருந்தேன். தனது கணக்கிலக்கத்தை அவர் ஒவ்வோர் எண்ணாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கவுண்டரில் இருந்தவர் பாதியிலேயே என் பக்கம் திரும்பி, "இவவுக்கு நாங்கள் கதைக்கிறது விளங்குமோ?" என்று கேட்டார். அக்கா 20 வருடங்களுக்கு மேல் கணிதம் படிப்பித்தவர். அவருக்கு மல்ரிப்பிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., என்ற நரம்பு நோய். எல்லாம் அவருக்கு விளங்கியது, அந்தக் கேள்வி உட்பட.

இந்நோயில் உடலின் நோய் எதிர்ப்புத் தொகுதியே மூளை, முண்ணாண், பார்வை நரம்பு ஆகியவற்றின் நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறையைத் தாக்குகிறது. உறை சிதைந்த இடத்தில் கணத்தாக்கம் மெதுவாகிறது, அல்லது நின்றுவிடுகிறது. 1868இல் பாரிஸில் இந்நோயைத் தெளிவாக வரையறுத்த ஷான் மார்ட்டின் ஷார்கோ, துண்டு துண்டாக வரும் பேச்சை அதன் முக்கிய அறிகுறிகளில் ஒன்றாகக் குறித்தார். நினைவு மங்குவதையும் சிந்தனை மெதுவாவதையும் அவர் கண்டிருந்தார். ஆனால், அந்தப் பகுதியை மருத்துவ உலகம் நீண்டகாலம் பெரிதாகக் கவனிக்கவில்லை. இன்று எம்.எஸ். உள்ளவர்களில் 40 முதல் 65 சதவீதமானோருக்கு ஏதோவோர் அளவில் சிந்தனைத் திறன் பாதிப்பு இருப்பதாக ஆய்வுகள் கூறுகின்றன.

பேச்சு மெதுவாவதற்கு இரு வழிகள் உண்டு. ஒன்று, நாக்கு, உதடு, மூச்சு ஆகியவற்றை ஒத்திசைக்கும் சிறுமூளைப் பாதைகள் பழுதடைவது. இதில் சொல் தயாராக இருக்கும், வாய்தான் பிந்தும். மற்றது, மூளை தகவலைக் கையாளும் வேகமே குறைவது. இதில் வாய் தயாராக இருக்கும், சொல் வந்து சேராது. ஒரு பந்தியை வாசிக்கும்போது சரளமாக இருந்து, சொந்தக் கதை சொல்லும்போது மட்டும் இடைவெளிகள் கூடினால் இரண்டாவதைச் சந்தேகிக்கலாம். பலரிடம் இரண்டும் கலந்தே இருக்கும்.

இங்கேதான் ஒரு சிக்கல். எம்.எஸ். நோயாளிகளின் சிந்தனை வேகத்தை அளக்கப் பரவலாகப் பயன்படும் சோதனையொன்றில், 9 குறியீடுகளுக்கு உரிய எண்களை 90 செக்கனில் எத்தனை சொல்ல முடியும் என்று பார்க்கிறார்கள். கை நடுங்குபவர்களுக்கு எழுத்து பாதகம் என்பதால் வாயால் சொல்லச் சொல்கிறார்கள். நாக்கு பிந்துபவருக்கு அதுவும் பாதகம்தானே! அக்காவுக்குப் புள்ளி குறைவாக வந்தபோது நான் இதைத்தான் வாதிட்டேன். பேச்சுச் சிகிச்சையாளர், வெறும் எண்களை அவர் எவ்வளவு வேகமாகச் சொல்கிறார் என்று தனியாக அளந்து பார்த்தார். குறைவின் ஒரு பகுதிக்கு நாக்குக் காரணம். மீதிக்கு அல்ல. நான் எதிர்பார்த்த பதில் அதுவல்ல. அக்கா மட்டும், "எனக்குத் தெரியும்" என்றார். வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் கதைத்தால் தனக்குத் தொடர முடியாமல் போவதை அவர் எங்களிடம் சொல்லாமலே இருந்திருக்கிறார்.

இப்போது தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுத்தான் கதைக்கிறோம். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. அவருடைய வசனத்தை நாங்கள் முடித்து வைப்பதில்லை, எனக்கு இது இன்னும் கஷ்டம். வெப்பம் எம்.எஸ். அறிகுறிகளைத் தற்காலிகமாகக் கூட்டும். நம்மூர் நண்பகல் வெயிலில் அவருடைய பேச்சு நன்றாகவே குழறும். ஆனால் பேச்சு திடீரெனக் குழறினால் வெயில் என்று விட்டுவிடாமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும், பக்கவாதமாகவும் இருக்கலாம்.

வங்கிக்குக் காலையில், திறந்தவுடன் போகிறோம். கணக்கிலக்கத்தை அக்கா எழுதியே கொண்டுவருகிறார். யாராவது என்னிடம் கேட்டால், நான் அக்காவைப் பார்க்கிறேன்.