திறந்த சன்னலும் மறைந்த காமவேளும்

பறவையையும் பூவையும் நீர்த்துறையையும் பாடுவதுபோல் பாடி, தலைவன் தலைவியர் நெஞ்சத்தை உணர்த்துவது நம் அகப்பாடல் மரபு. இதனைத் தொல்காப்பியர் உள்ளுறை என்றார். சொல்லாமற் சொல்லும் இக்கலை தமிழர்க்கே உரியதன்று. பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர்கள் ஒரு வீட்டின் அறையைத் தீட்டியபோதும், அங்குள்ள பொருள்களைக் கொண்டு மனிதர் மனத்தைப் பேசவைத்தனர். அவர்களுள் தலைசிறந்தவர் டெல்ஃப்ட் நகரத்து யோகான்னஸ் வெர்மீர் (1632–1675). அவருடைய ஓவியம் ஒன்றின் வரலாற்றை இங்குக் காண்போம்.

வீடு ஓவியமான காலம்

ஸ்பெயினின் ஆட்சியை எதிர்த்துப் போராடிய டச்சு மக்களின் விடுதலை 1648-இல் உடன்படிக்கையால் உறுதியாயிற்று. அங்குச் சீர்திருத்தத் திருச்சபை ஓங்கியமையால், கோயில்களுக்குத் தெய்வ ஓவியம் தீட்டுவிக்கும் வழக்கம் அருகியது. மாறாக, வணிகரும் கைவினைஞரும் தம் இல்லச் சுவர்களுக்கு ஓவியங்கள் வாங்கினர். வாங்குவோர் வாழ்க்கையே ஓவியத்தின் பொருளாயிற்று. பால் ஊற்றும் பணிப்பெண், இசைக்கும் நங்கை, மடல் படிக்கும் மாது ஆகியோர் கலையுலகில் இடம்பெற்றனர்.

டெல்ஃப்ட் நகரில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆறு கிளைகளுள் ஒன்று இருந்தது. 1658-இல் போர்ச்சுகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றியது இக்கம்பெனியே. நாம் காணப்போகும் ஓவியமும் ஏறத்தாழ அதே காலத்தது. 1657-க்கும் 1659-க்கும் இடையில் தீட்டப்பட்டது என்பர். ஆடவர் கடல்கடந்து சென்ற நாட்டில் மடலுக்கு இருந்த மதிப்பை, பிறந்த மண்ணைவிட்டு வாழும் நமக்கு விளக்க வேண்டுவதில்லை.

அறையினுள்ளே

ஓவியம் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரக் கலைக்கூடத்தில் உள்ளது. திறந்த சன்னலின் அருகே ஓர் இளம்பெண் நின்று மடல் படிக்கிறாள். சன்னற் கண்ணாடியில் அவள் முகம் மங்கலாக நிழலாடுகிறது. முன்னே மேசைமீது கீழைநாட்டுக் கம்பளம். அதன்மேல் சாய்ந்த சீனப் பீங்கான் தட்டிலிருந்து பழங்கள் சரிந்துள்ளன. பிளந்த ஒரு பழத்தில் கொட்டை தெரிகிறது. திறந்த சன்னல் வெளியுலகின்மீது அவள் கொண்ட ஏக்கத்தையும், சரிந்த கனிகள் கட்டுமீறிய காதலையும் குறிக்கும் என அறிஞர் உரைப்பர்.

வலப்புறம் ஒரு பச்சைத் திரை தொங்குகிறது. ஓவியங்களைத் தூசியிலிருந்து காக்க அவற்றின்முன் திரையிடுவது அக்காலத்து வழக்கம். ஆதலின் இத்திரை அறையினுள் தொங்குகிறதா, ஓவியத்தின்முன் தொங்குகிறதா என்று நாம் மயங்குகிறோம். பிறர் அந்தரங்கத்தைத் திரை விலக்கிப் பார்ப்பவராகவும் ஆகிறோம். அவ்விடத்தில் வெர்மீர் முதலில் பெரிய மதுக்கிண்ணம் ஒன்றைத் தீட்டிப் பின்னர் மாற்றினார் என்பது ஊடுகதிர்ப் படத்தால் தெரிந்தது. கனியிலும் கூந்தலிலும் ஒளிபடும் இடங்களில் அவர் சிறுசிறு வண்ணப் புள்ளிகளை இட்டார். அருகில் சென்றால் புள்ளிகளே தெரியும். விலகி நின்றால் ஒளி தெரியும்.

சுவரில் மறைந்தவன்

1742-இல் சாக்சனி நாட்டு மன்னருக்காக இவ்வோவியம் வாங்கப்பட்டபோது, இது ரெம்பிராண்ட் தீட்டியது என்று கருதினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் வெர்மீரின் பெயர் இதற்கு உரியதாயிற்று. இரண்டாம் உலகப்போரின் முடிவில் சோவியத் நாட்டிற்குச் சென்று 1955-இல் திரும்பியது. இக்காலமெல்லாம் பெண்ணின் பின்னே வெறுஞ்சுவரே காணப்பட்டது. அவ்வெறுமையின் அமைதியைப் போற்றாத கலைஞர் இலர்.

1979-இல் எடுத்த ஊடுகதிர்ப் படம் அச்சுவரில் வேறோர் ஓவியம் மறைந்திருப்பதைக் காட்டியது. அதில் நின்றவன் கியூபிட். நம் காமவேளைப் போல வில்லேந்திய மேலைநாட்டுக் காதற்கடவுள். வெர்மீரே மனம் மாறி அவனை மறைத்தார் என நெடுங்காலம் நம்பினர். 2017-இல் தொடங்கிய சீரமைப்பின்போது நடந்த வேதியியல் ஆய்வு வேறு கதை சொல்லிற்று. காமவேளுக்கும் மேற்பூச்சுக்கும் இடையே அழுக்குப் படலம் இருந்தது. அது படியப் பல பத்தாண்டுகள் ஆகியிருக்க வேண்டும். எனவே அப்பூச்சு வெர்மீர் மறைந்தபின் பிறர் கை செய்தது.

வல்லுநர்கள் நுண்ணோக்கியின் கீழ் சிறு கத்தியால் மேற்பூச்சை மெல்ல மெல்ல அகற்றினர். 2021 செப்டம்பரில் ஓவியம் முழுவடிவில் காட்சிக்கு வந்தது. காமவேளின் காலடியில் முகமூடிகள் மிதிபடுகின்றன. பொய்வேடத்தை வென்று மெய்க்காதல் நிற்கும் என்பது அதன் குறிப்பு. அம்மடல் காதல் மடல் என்பது இதனால் தெளிவாயிற்று. அவள் படிக்கும் சொற்கள் மெய்யோ பொய்யோ என்னும் வினாவும் உடன் எழுந்தது.

வெறுஞ்சுவரின் அமைதியை இழந்தோமே என வருந்துவோரும் உளர். அவ்வமைதி அழகியதே, ஆனால் அது வெர்மீரின் அமைதியன்று. பழஞ்சுவடியில் பிற்காலத்தார் செய்த இடைச்செருகலைக் களைந்து மூலபாடம் காண உழைத்த நம் பதிப்பாசிரியர்களின் பணியும் இத்தகையதே. இனிய பாடமாயினும் ஆசிரியன் பாடமன்றேல் அதனை விலக்கினர். குறிப்புப்பொருள் காண விழைவோர் முதலில் மூலத்தைத் தெளிதல் வேண்டும். டிரெஸ்டன் ஓவியத்தின் வரலாறு நமக்கு உணர்த்துவது இதுவே.