குரு வராத நாட்களில் எரிந்த விளக்கு
(வானொலி மறையுரை)



மத்தேயு நற்செய்தி 25-ஆம் அதிகாரத்தில் வரும் பத்துக் கன்னியர் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். பத்துப் பேரிடமும் விளக்கு இருந்தது. பத்துப் பேருமே காத்திருந்து களைத்துத் தூங்கிப்போனார்கள். அதுவரை ஒருவருக்கொருவர் வேறுபாடே தெரியவில்லை. நள்ளிரவில் குரல் கேட்டபோதுதான் தெரிந்தது, ஐவரிடம் எண்ணெய் இருந்தது, ஐவரிடம் இல்லை. இல்லாதவர்கள் அந்த நேரத்தில் வாங்க ஓடினார்கள். திரும்பி வருவதற்குள் கதவு அடைக்கப்பட்டுவிட்டது.

அந்த எண்ணெய் எது? அதை எப்படிச் சேர்த்து வைப்பது? இதற்குப் பதில் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் மதுரை மண்ணின் விசுவாச வரலாற்றிலேயே பதில் இருக்கிறது.

தத்துவ போதகர் என்று நாம் அழைக்கும் இராபர்ட் தெ நொபிலி அடிகளார் 1606-இல் மதுரைக்கு வந்தபோது அவருக்கு வயது 29. அவர் ஊன்றிய மதுரை மறைப்பணித்தளம் பிறகு காவிரிக் கரை, மறவர் சீமை என்று பரந்து விரிந்தது. ஆனால் குருக்களோ விரல்விட்டு எண்ணும் அளவே. சாலை இல்லை, வண்டி இல்லை. பஞ்சமும் போரும் அடிக்கடி வந்தன. ஒரு சிற்றூருக்குக் குருவானவர் ஒருமுறை வந்து போனால், மறுமுறை அவர் முகத்தைப் பார்க்க மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில்கூடக் காத்திருக்க வேண்டும்.

அப்படியானால் இடைப்பட்ட நாட்களில் அந்த மக்களின் விசுவாசத்தைக் காத்தவர் யார்? உபதேசியார். அவர் அந்த மண்ணிலேயே பிறந்தவர், பெரும்பாலும் குடும்பஸ்தர். ஞாயிற்றுக்கிழமை மக்களைக் கூட்டிச் செபம் சொல்லுவார், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பிப்பார். சாகக் கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பார். மரணப் படுக்கையில் இருப்பவரின் காதருகே குனிந்து உத்தம மனஸ்தாப மந்திரம் சொல்லிக் கொடுப்பார். இறந்தவரை அடக்கம் செய்ய முன்னிற்பார். இந்தப் பணியின் அருமையை உணர்ந்துதான் வீரமாமுனிவர் 1720-களின் இறுதியில் வேதியர் ஒழுக்கம் என்ற நூலை உபதேசியார்களுக்காகவே எழுதினார். தேம்பாவணி பாடிய அதே பேனா, கிராமத்து வேதியரின் அன்றாடக் கடமைகளையும் எழுதியது.

மக்களுக்கோ கையில் புத்தகம் இல்லை. தமிழ் எழுத்தில் இந்தியாவில் அச்சேறிய முதல் நூலே ஒரு ஞானோபதேச நூல்தான்: 1578-இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம். என்றாலும் வாசிக்கத் தெரிந்தவர்கள் சிலரே. ஆகவே அவர்கள் நெஞ்சில் எழுதிக்கொண்டார்கள். பரலோக மந்திரமும், மங்கள வார்த்தை செபமும், விசுவாச மந்திரமும், பத்துக் கட்டளைகளும் பாட்டி வாயிலிருந்து பேரன் வாய்க்கு வந்தன. விடியலில் ஒருமுறை, மாலை விளக்கேற்றும்போது ஒருமுறை. அதில் புதுமை ஒன்றும் இல்லை. நேற்றுச் சொன்னதையே இன்றும் சொன்னார்கள். ஆனால் எண்ணெய் அப்படித்தான் சேர்ந்தது, துளித் துளியாக.

இந்த உபதேசியார்களின் உறுதியை நாம் புனித அருளானந்தரின் வரலாற்றில் காண்கிறோம். 1686-இல் மறவர் சீமையில் அவர் பிடிபட்டு வதைக்கப்பட்டபோது அவரோடு உபதேசியார்களும் பிடிபட்டு அடி வாங்கினார்கள். பிறகு அடிகளார் போர்த்துக்கல் நாட்டுக்கு அனுப்பப்பட்டார். அங்கே அரண்மனையிலேயே தங்கிவிடும்படி அரசர் கேட்டுக்கொண்டார். அவரோ இங்கே என்ன காத்திருக்கிறது என்று தெரிந்தே 1690-இல் திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 3-ஆம் நாள் சிறையிலிருந்து உடன் குருக்களுக்குக் கடிதம் எழுதினார். மறுநாள் ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். அன்று சாம்பல் புதன். நாம் மண்ணாயிருக்கிறோம் என்பதை நினைவூட்டும் நாள். அந்த நாளுக்கான ஆயத்தத்தை அவர் அந்த வாரத்திலா தொடங்கினார்? இல்லை. ஆண்டுக்கணக்கான நாள் செபத்திலும் நடையிலும் அது ஏற்கெனவே முடிந்திருந்தது.

ஆனால் வரலாற்றில் இதைவிடப் பெரிய சோதனை பின்னால் வந்தது. 1773-இல் திருத்தந்தை பதினான்காம் கிளமெந்து இயேசு சபையைக் கலைத்தார். மதுரை மறைப்பணித்தளத்தைத் தாங்கிய தூண் சாய்ந்தது. எஞ்சியிருந்த வயதான குருக்களும், கோவாவிலிருந்து வந்த குருக்களும், பிற மறைப்பணியாளர்களும் இயன்றதைச் செய்தார்கள். ஆனால் பரப்போ பெரிது, ஆட்களோ குறைவு. சபை 1814-இல் மீண்டும் உயிர் பெற்றது. எனினும் பிரான்சு நாட்டு இயேசு சபைக் குருக்கள் நால்வர் இந்த மண்ணில் கால் வைத்தது 1838-இல்தான். 65 ஆண்டுகள்! ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, முதுமையடைந்து மறைந்துபோகும் காலம் அது.

அந்தக் காலத்தில் எல்லாரும் நிலைத்து நின்றார்கள் என்று நாம் சொல்ல முடியாது. தளர்ச்சி இருந்தது, பிளவு இருந்தது, விலகிப்போனவர்களும் இருந்தார்கள். என்றாலும் 1838-இல் வந்தவர்கள் தரிசு நிலத்தில் புதிதாக விதைக்க வேண்டியிருக்கவில்லை. சிலுவை அடையாளம் வரையத் தெரிந்த, செபமாலை சொல்லத் தெரிந்த, தங்களைக் கிறிஸ்தவர்கள் என்று சொல்லிக்கொண்ட ஊர்கள் இருந்தன. அந்த வேரிலிருந்து துளிர்த்ததே பின்னர் 1938-இல் மதுரை மறைமாவட்டமாகவும், 1953-இல் உயர்மறைமாவட்டமாகவும் வளர்ந்தது.

அன்பார்ந்தவர்களே, நமக்கும் அப்படி ஒரு சோதனை சிறிய அளவில் வந்தது. 2020 மார்ச்சு மாதம் ஊரடங்கு தொடங்கியபோது ஆலயக் கதவுகள் மூடப்பட்டன. அந்த ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் உயிர்ப்புப் பெருவிழாவை வீட்டுக்குள்ளேயே கொண்டாடினோம். அப்போது நாம் ஒன்றைக் கண்டோம். தினமும் மாலையில் கூடிச் செபிக்கும் பழக்கமுள்ள வீடுகளில் அழுகைக்கு நடுவிலும் சொல்ல வார்த்தை இருந்தது. அந்தப் பழக்கம் விட்டுப்போன வீடுகளில் செபப் புத்தகம் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

ஆயத்தம் என்றதும் நாம் மரண நாளையும் உலக முடிவையும் மட்டுமே நினைக்கிறோம். ஆனால் மருத்துவர் கையில் இருக்கும் பரிசோதனை முடிவு, பிள்ளையின் தேர்வுத் தோல்வி, திடீரென்று போன வேலை, குடித்துவிட்டு வரும் கணவன், கடையில் கூடுதலாகக் கிடைத்த சில்லறை, இவையெல்லாம் மணமகன் கதவைத் தட்டும் நேரங்களே. பொறுமையா கோபமா, நேர்மையா ஆதாயமா என்று அந்த நொடியில் உட்கார்ந்து யோசிக்க நேரமில்லை. உள்ளே என்ன சேர்ந்திருக்கிறதோ அதுதான் வெளியே வரும்.

ஆகவே நம் முன்னோரிடமிருந்து மூன்று பழக்கங்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, சில செபங்களையாவது மனப்பாடமாக வைத்திருப்போம், பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்போம். கைப்பேசியில் எல்லாம் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அறுவைச் சிகிச்சை அறைக்குள் கைப்பேசி வராது.

இரண்டாவது, காலையின் முதல் ஐந்து நிமிடத்தை ஆண்டவருக்குக் கொடுப்போம். வீட்டில் முடியவில்லையா? விடியற்காலையில் ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் தேனிக்கோ திண்டுக்கல்லுக்கோ வண்டி ஏறுகிற நம்மவர்கள் எத்தனையோ பேர். பேருந்து வைகைக் கரையைத் தாண்டும் நேரத்தில் ஒரு பத்துமணி செபம் சொல்லிவிடலாம்.

மூன்றாவது, இரவில் தூங்குமுன் ஆன்ம சோதனை. இதை நாளுக்கு இருமுறை செய்யுமாறு புனித இஞ்ஞாசியார் கற்பித்தார். நாம் ஒருமுறையாவது செய்வோம். இன்று எதற்கு நன்றி சொல்ல வேண்டும்? யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்? நாளை யாரைச் சந்திக்கப் போகிறோம், அங்கே நமக்கு என்ன அருள் தேவை? இந்த மூன்று கேள்விகள் போதும்.

எண்ணெயைக் கடன் வாங்க முடியாது என்றுதான் உவமை சொல்கிறது. ஆனால் எண்ணெய் சேர்க்கும் விதத்தை ஒருவர் மற்றவருக்குச் சொல்லிக் கொடுக்க முடியும். பெயர் தெரியாத எத்தனையோ உபதேசியார்களும் பாட்டிமார்களும் அதைத்தான் செய்தார்கள். இன்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த உபதேசியார் நாமே. இன்று மாலையே தொடங்க அருளானந்தர் நமக்காக வேண்டிக்கொள்வாராக. ஆமென்.