மலையகத் தோட்டங்களில் ஆட்பற்றாக்குறையும் தொழிற்சங்கப் பேரமும்

வேலைக்கு ஆட்கள் குறையுமிடத்து எஞ்சியிருப்போரின் பேரம்பேசும் வலிமை பெருகும் என்பது பொருளியலார் கூறும் பொதுவிதி. எமது நாரந்தனையில் பனையேறவும் வயல்வேலை செய்யவும் ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டமையால், கேட்ட கூலியே கொடுக்கப்படுகின்றது. ஆயின், தொழிற்சங்கமும் நிர்வாகமும் எதிரெதிரே நின்று கூலியைத் தீர்மானிக்கும் மலையகத் தோட்டங்களுக்கு இவ்விதி பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

ஆட்பற்றாக்குறை தோட்டங்களுக்குப் புதியதன்று. பிரித்தானியர் ஆட்சியில் தொழிலாளரைக் கடனாலும் ‘துண்டு’ முறையாலும் துரைமார் கட்டிவைத்தனர். துண்டின்றி ஒருவர் வேறு தோட்டத்தில் வேலை பெற இயலாது. 1921இல் அம்முறை ஒழிக்கப்பட்டது. 1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். 1940இல் முல்லோயாப் போராட்டத்தில் கோவிந்தன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற்குப் பலியானார். அவ்வாண்டின் ஏழு அம்ச உடன்படிக்கை, சங்கங்களுடன் பேசும் நிலைக்குத் தோட்டத்துரைமாரைக் கொணர்ந்தது. சங்கத்தின் பலம் அன்று எண்ணிக்கையிலேயே தங்கியிருந்தது.

அவ்வெண்ணிக்கையே பின்னர் தேய்ந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. 1992இல் தோட்ட முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபோது மூன்று இலட்சத்தைத் தாண்டியிருந்த தொழிலாளர் தொகை இன்று அதன் பாதிக்கும் குறைவாகும். இளையோர் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் மத்திய கிழக்கிற்கும் செல்கின்றனர். மலைச்சரிவில் கொழுந்து பறிப்போரிற் பலர் நடுவயதைக் கடந்த பெண்கள்.

எனினும் சங்கம் வலுப்பெறவில்லை. பற்றாக்குறையின் பயனை அடைபவர், வேலையை விட்டுச் செல்லக்கூடிய இளையவரே. லயத்து அறை வேலையோடு பிணைந்திருப்பதால் முதிய பெண்ணுக்கு அவ்வழி இல்லை. சந்தா செலுத்துவோர் குறையக் குறையச் சங்கமும் மெலிகின்றது. பிணக்கோ நாட்சம்பளத்தோடு நில்லாது, முழுப்பேருக்கு எத்தனை கிலோ என்ற கணக்கிற்கும் பரவியது. முதுமையால் அவ்வளவைப் பறிக்க இயலாதவருக்கு அரைப்பேரே விழும். நிர்வாகங்கள் வருமானப் பங்கீட்டு முறையை முன்வைத்தன. சங்கங்கள் நாட்சம்பளத்தைப் பற்றிநின்றன. இரண்டாண்டுக்கொருமுறை செய்யப்பட்டுவந்த கூட்டு ஒப்பந்தம் 2021இல் புதுப்பிக்கப்படவில்லை. ஆயிரம் ரூபா நாட்சம்பளம் சம்பள நிர்ணய சபையின் வழியே வந்தது. இரு தரப்பும் முகங்கொடுத்துப் பேசிய இடத்தில் அரசின் கட்டளை அமர்ந்தது.

ஆகவே, ஆட்கள் அருகுவது மட்டும் உழைப்போர்க்கு வலிமையாகாது; விலகிச் செல்லும் சுதந்திரமும் வேண்டும். வீடும் காணியும் வேலையினின்று பிரிக்கப்பட்டு அவர்களுக்கே உரியனவாகும் நாளிலேதான் தோட்டத்துப் பேரம் சமமானவர்களின் பேரமாகும்.