சிற்றலையில் கேட்ட துடிப்புகள்

1990-களில் வவுனியா நகருக்கு வடக்கே வானொலி கேட்டவர்கள் கைவலிக்கக் கேட்டார்கள். மின்சாரம் இல்லை, பற்றரிகளோ தடைசெய்யப்பட்ட பொருள்கள். துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து நிறுத்தி மிதியைச் சுழற்ற, டைனமோ தந்த மின்சாரத்தில் பெட்டி பேசிற்று. 1995, 1996-ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வந்தோர் பலருக்கு இலண்டன் தமிழோசையே செய்தி. ஓர் ஊர்ப்பெயர் இரைச்சலில் மறைந்தால் அன்றிரவு உறக்கமில்லை.

இரைச்சல் வானத்தினதா, வண்டியினதா? மிதியின் வேகத்தை மாற்றினால் தெரிந்துவிடும். வேகத்தோடு சுருதியும் ஏறி இறங்கினால் குற்றம் டைனமோவினது. மாறாமல் நின்றால் அது வானலையில் வந்த விருந்தாளி. நிலையத்தின் அலையோடு மோதி இரண்டு சுருதிகளில் விரைந்து துடிப்பது பெரும்பாலும் டெலிபிரிண்டர். ஓர் எழுத்துக்கு 5 துடிப்புகள் என்ற அம்முறையைப் பிரெஞ்சுக்காரர் எமில் போதோ 1870-களில் வகுத்தார். வினாடிக்குப் பத்துத் தட்டல் கேட்டால்? அது 1976 முதல் 1989 வரை உலகையே தொல்லைப்படுத்திய ‘மரங்கொத்தி’. செர்னோபில் அருகே நின்ற சோவியத் ராடாரின் ஒலி. வன்னியார் மிதி சுழற்றத் தொடங்குமுன்பே அது ஓய்ந்துவிட்டது.

பொருளாதாரத் தடை 2002-இன் தொடக்கத்தில் தளர்ந்தது. மறு ஆண்டே டிஜிட்டல் ஒலிபரப்பு சிற்றலையில் முறையாகத் தொடங்கியது. பழைய பெட்டியில் அது 10 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு மழைபோல் சீறும் இரைச்சல்தான். மிதியை எப்படிச் சுழற்றினாலும் சொல்லாகாது. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-இல் நின்றது.